பப்பாளி இலைச் சாறா, 28 நாள் மாத்திரையா?

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு லாப்ரடார் ராணிக்கு ஏழு வயது, எடை 41 கிலோ. கருத்தடை செய்யவில்லை. இரண்டு வருடமாக உடம்பெல்லாம் அரிப்பு. டாக்டர் ஊசி போடுவார், மூன்று நான்கு வாரம் நன்றாக இருக்கும், மறுபடியும் ஆரம்பித்துவிடும். போன மாதம் உண்ணிக் காய்ச்சல் வந்து மூக்கில் ரத்தம் வடிந்தது. தட்டணு (பிளேட்லெட்) 60 ஆயிரம்தான் இருக்கிறது என்று சொல்லி 28 நாளைக்கு டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போனாலே வாந்தி. பத்து நாளில் நிறுத்திவிட்டு என் மாமியார் பப்பாளி இலைச் சாறு கொடுத்தார். காய்ச்சல் இல்லை, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் படுத்து எழுந்தால் பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது. வெயிலுக்கோ என்னவோ தண்ணீர் நிறையக் குடிக்கிறது, வயிறும் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, இனி இங்கிலீஷ் மருந்தும் வேண்டாம், தடுப்பூசியும் வேண்டாம், பூண்டு, மஞ்சள், ஹோமியோபதி சொட்டு மருந்து போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஊசி போட்டுப் போட்டு இங்கிலீஷ் மருந்திலும் நம்பிக்கை போய்விட்டது. எந்தப் பக்கம் போவது?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது பப்பாளியும் இல்லை, பூண்டும் இல்லை. "வெயிலுக்கோ என்னவோ தண்ணீர் நிறையக் குடிக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான். பதில் அச்சாகும்வரை அது காத்திருக்காது என்பதால் அன்றைக்கே உங்களுக்கு போன் செய்தேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

கருத்தடை செய்யாத பெண் நாய், நடுத்தர வயதைத் தாண்டியது, பருவத்துக்கு வந்துபோய் ஒன்றிரண்டு மாதம் ஆகிறது, திடீரென்று தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்றால் கால்நடை மருத்துவருக்கு முதலில் வரும் சந்தேகம் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதுதான். சில நாய்களுக்குப் பிறப்புறுப்பில் சீழ் வடியும், பார்த்துவிடலாம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே ஒன்றுமே தெரியாது. வயிறு மட்டும் பெருக்கும். பிறகு ஒருநாள் வாந்தி, சோர்வு, அடுத்தது விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. கஷாயம் வைத்துப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பதற்கெல்லாம் அந்த நோயில் இடமே கிடையாது.

மறுநாளே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து அனுப்பினீர்கள், நல்லது. கருப்பை சுத்தமாக இருக்கிறது. சர்க்கரை இல்லை, சிறுநீரகமும் பரவாயில்லை. கல்லீரல் நொதிகளில் ஏ.எல்.பி. மட்டும் பல மடங்கு ஏறியிருக்கிறது. அதற்கான காரணம், போனில் நீங்கள் எனக்குப் படித்துக் காட்டிய பழைய சீட்டிலேயே இருக்கிறது. அரிப்புக்குப் போட்ட ஊசி ட்ரையாம்சினோலோன். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு. தண்ணீர்த் தாகம், அடிக்கடி சிறுநீர், தீராத பசி, தொங்கும் வயிறு, மெலிந்த தோல், மூச்சிரைப்பு எல்லாம் ஸ்டீராய்டு மிஞ்சிப்போனதன் அடையாளங்கள். 41 கிலோவில் அந்தப் பசிக்கும் பங்கு உண்டு.

ஆக, இங்கிலீஷ் மருந்தின் மேல் உங்களுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. அரிப்பில் தோலைக் கடித்துக் கிழித்துக்கொள்ளும் நாய்க்கு சில நாள் கொடுத்தால் அது பெரிய நிம்மதி. ஆனால் அரிப்பு ஏன் வருகிறது என்று ஒரு தடவைகூடத் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல், மாதாமாதம் ஊசியை மட்டும் போட்டு அனுப்புவது வைத்தியம் ஆகாது. சொறிப் பூச்சியா, தெள்ளா, பூஞ்சையா, தீனி ஒவ்வாமையா, தூசி ஒவ்வாமையா? இந்த ஐந்தில் எது என்று பார்க்க வேண்டும். இதில் சொறிப் பூச்சி, அதிலும் டெமோடெக்ஸ் இருந்தால், ஸ்டீராய்டு அதை வளர்த்தே விடும். வெளியே இருபது நாய் வரிசையில் நிற்கிறது, உள்ளே பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துக் கஷ்டம். அதற்காக ராணியின் தோலைப் பார்க்காமல் விட்டது சரியாகிவிடாது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த ஊசி இனி வேண்டாம். ஆனால் இத்தனை நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்த உடம்பு, தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும். அடுத்த சில வாரங்களில் ராணி திடீரென்று துவண்டு படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, தீனியை ஒதுக்கினாலோ உடனே கூட்டிப் போய், "இதுவரை ஸ்டீராய்டு போட்டோம், இப்போது நிறுத்திவிட்டோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இரண்டாவது, கால் பிடிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். ஸ்டீராய்டே இல்லாத நாய்க்கும்கூட நாம் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் ஆகாது. மனிதர் அளவுக்குப் பாராசிட்டமால் கொடுத்துக் கல்லீரல் போன நாய்களும் உண்டு.

அடுத்து உங்கள் மாமியாரின் பப்பாளிச் சாறு. டெங்கு வந்த வருடங்களில் நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலையும் குடிக்காத வீடு நம் ஊரில் குறைவு. அந்த நினைப்பில் கொடுத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராணிக்கு வந்தது எர்லிகியா. உண்ணி கடிக்கும்போது உள்ளே புகும் ஒரு பாக்டீரியா அது. வெள்ளை அணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும். டாக்சிசைக்ளின் அந்த அணுவுக்குள் நுழைந்து அதன் வளர்ச்சியை நிறுத்தும். பப்பாளி இலைக்கு அந்த வேலை தெரியாது. பொதுவாக மாத்திரை ஆரம்பித்து ஓரிரு நாளிலேயே காய்ச்சல் விட்டு நாய் தெளிந்துவிடும். பத்து நாள் மாத்திரை செய்த வேலைக்குப் பதினோராம் நாள் சாறு பெயர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

கிருமி முழுதாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், சத்தமே இல்லாமல் மண்ணீரலில் தங்கியிருக்கும். நாய் சாப்பிடும், வாலாட்டும், குரைக்கும். பிறகு எலும்பு மஜ்ஜையே வேலைநிறுத்தம் செய்யும் கட்டம் வரலாம். அப்போது சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றுமே சரியும். அங்கே போய்விட்ட நாயைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் இப்போது மறுபடி தட்டணு பாருங்கள். நாய்க்கு 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்க வேண்டும். மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், கருவி சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நாயின் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கொத்தாக நின்றால் கருவி குறைத்து எண்ணிவிடும். மாத்திரையை விட்ட இடத்தில் தொடர்வதா, முதலிலிருந்து 28 நாளா என்பதை அதைப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

வாந்தி ஏன் வந்தது என்று போனில் துருவிக் கேட்டேன். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர்கூட இல்லாமல் தொண்டையில் தள்ளியிருக்கிறீர்கள். வாந்தி வந்ததும், அடுத்த வேளைக்குத் தயிர்ச் சாதத்தில் பொதிந்து கொடுத்திருக்கிறீர்கள். டாக்சிசைக்ளின் வெறும் வயிற்றைக் குமட்டும். தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே புண்ணாக்கும். பாலும் தயிரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தத்தில் சேருவதும் குறையும். பாதித் தீனி போட்டு, நடுவில் மாத்திரையை ஒரு துண்டு கோழிக்கறிக்குள் வைத்துக் கொடுத்து, மீதித் தீனியைப் போடுங்கள். அப்புறம் தண்ணீர். இதைச் சீட்டு எழுதும்போதே யாராவது சொல்லியிருந்தால் பப்பாளி மரத்துக்கு வேலையே வந்திருக்காது.

பூண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் இழந்த நாய்க்கு உண்ணியை விரட்டப் பூண்டு கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. உண்ணியும் அதற்கு அஞ்சுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வாங்கிவந்து மிச்சத்தை வெங்காயப் பச்சடியோடு, எலும்போடு தட்டில் கொட்டுகிற வீடுகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெந்த எலும்பு ஊசியாக உடையும்.

நாயின் மேல் இருக்கும் உண்ணியை மட்டும் பார்த்தால் போதாது. பெரும்பகுதி வீட்டில்தான் இருக்கும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, காம்பவுண்டுச் சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். சுவர் ஓரமாகக் கடுகு போலச் சின்னச் சின்னதாக ஊர்ந்து மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அவை குஞ்சுகள். விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், ராணி படுக்கும் கோணியை எரித்துவிட்டுப் புதிது போடுங்கள், பிடுங்கிய உண்ணியைக் கையால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய்க்கு, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன, நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த வரலாறு இருக்கும் நாய்களுக்கு மட்டும் யோசிக்க வேண்டும். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்திருக்கிறது. ராணிக்கு அப்படி எதுவும் இல்லை.

நாட்டு மருந்தை நான் மொத்தமாக ஒதுக்குகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைக்க வேண்டாம். குடியாத்தம் பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து ஒரு நாளில் பல தடவை மடியில் பூசுவார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்ன முறை அது. தேசிய பால்வள வாரியம் நாடு முழுக்கக் கொண்டுபோயிருக்கிறது. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை தடவை, பாலைக் கறந்துவிட்டுப் பூசுவதா பூசிவிட்டுக் கறப்பதா என்று எல்லாம் அதில் உண்டு. ஆன்டிபயாட்டிக் கலந்த பாலை ஊருக்கு ஊற்றாமல் இருக்க அதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது? ஆனால் அதையே எடுத்து நாயின் புண்ணில் பூசினால், மாடு போல நின்றுகொண்டிருக்காது. நக்கும். சுண்ணாம்பு வாயை வெந்துபோகச் செய்யும்.

நாய்க்கு மேல்பூச்சு எதுவானாலும் உள்மருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் லாங்கு பஜாரில் கற்பூரம் வாங்கித் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவும் பழக்கம் இங்கே நிறைய வீட்டில் இருக்கிறது. நாய் கற்பூரத்தை நக்கினால் வலிப்பு வரும். மெக்கானிக் கடையின் கழிவு ஆயில், மண்ணெண்ணெய் இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், தாராளமாக. தோல் சுரண்டல் பரிசோதனை வந்த பிறகு குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு எழுதினால், நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். போட்டவுடனே கழுவினால் காசுக்குக் கேடு.

சரி, பின்னங்கால். இங்கேதான் அவகாசம் இருக்கிறது, அதனால் நீங்கள் எல்லா முறைகளையும் நிதானமாக யோசிக்கலாம். கருப்பைச் சீழும், குட்டிக்கு வரும் பார்வோ பேதியும், பாம்புக்கடியும், கத்திரி வெயிலில் மயங்கி விழுவதும் மணிக்கணக்கில் உயிரை எடுக்கும். மூட்டுத் தேய்மானம் வருடக்கணக்கில் கூடவே வரும். எந்த வைத்தியம் என்று கேட்கும் முன் என்ன நோய் என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ராணிக்கு முதல் மருந்து எடையைக் குறைப்பது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒன்றுக்கு 25 சதவீதம் தீனி குறைத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. இதற்கு இணையான லேகியமும் கிடையாது, ஊசியும் கிடையாது. காலை டீயோடு போடும் பிஸ்கட், இரவு மிச்சச் சோறு, பால் மூன்றையும் நிறுத்துங்கள். தீனியை அளந்து வையுங்கள். 30 கிலோவை நோக்கி மெதுவாக, மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இறங்கினால் போதும். ஸ்டீராய்டு பசி அடங்கும்வரை கெஞ்சும். கொடுக்காதீர்கள்.

அப்புறம் உங்கள் புது வீட்டு டைல்ஸ். பளபளவென்று இருக்கும் தரையில் வயதான நாய் எழும்போது பின்னங்கால் வழுக்கி விரியும், அடுத்த நாள் எழவே பயப்படும். படுக்கும் இடத்திலிருந்து வாசல்வரை கயிற்றுப் பாயோ கோணியோ விரியுங்கள். பாதத்துக்கு நடுவே வளர்ந்த முடியைக் கத்தரியுங்கள். விடியற்காலையில் கெட்டித் தரையில் நடை, பாலாற்று மணலில் வேண்டாம். மீன் எண்ணெயின் ஒமேகா-3 மூட்டுக்கு ஓரளவு உதவுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, எடைக்கு ஏற்ற அளவு கேட்டுக் கொடுக்கலாம். சமையல் மஞ்சள் ஒரு சிட்டிகை தீனியில் விழுந்தால் கெடுதல் இல்லை, அதை நம்பி வலியை விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு முழுதாக வெளியேறிய பிறகும் வலி இருந்தால், நாய்க்கென்று இருக்கும் வலி மருந்தை ரத்தம் பார்த்துக் கொடுப்போம். அக்குபஞ்சரும் பிசியோதெரபியும் சில நாய்களுக்கு வலியைக் குறைக்கின்றன. பயின்ற கால்நடை மருத்துவர் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஹோமியோபதிச் சொட்டு மருந்து பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. மூட்டு வலி நாய்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. கால் தரையில் எவ்வளவு ஊன்றுகிறது என்று கருவி அளந்தது, பெரும்பாலான நாய்களில் மாற்றம் இல்லை. ஆனால் நாய் வளர்ப்பவர்களில் பலர் நன்றாகிவிட்டது என்றார்கள். மருத்துவர்களும் அப்படியே ஏமாந்தார்கள். கொடுப்பவரின் மனசு தேறுகிறது, நாயின் வலி அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஆசையாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். ராணி எழுவதை இப்போது போனில் வீடியோ எடுத்து வைத்து, ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுத்து, இரண்டையும் அந்த மருந்து பற்றித் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசியில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. குட்டியில் முறையாகப் போட்ட நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ ஊசியை ஒவ்வொரு வருடமும் போட அவசியம் இல்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கமே சொல்கிறது. எலிக்காய்ச்சலுக்கானது வருடாவருடம் வேண்டும், மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்கும் ஊர் நமது. வெறிநாய்க்கடி ஊசியில் பேரமே கிடையாது. அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் நாயானாலும் மனிதரானாலும் பிழைக்க வைக்க எந்த மருத்துவத்திலும் வழி இல்லை. ராணிக்கு இப்போது உடம்பு தேறட்டும், ஸ்டீராய்டின் வேகம் அடங்கட்டும், தேதியை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். அதுவரை தெரு நாயோடு சேர விடாதீர்கள்.

ஒரு சட்ட விஷயமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குக்கு வைத்தியம் பார்க்கலாம். நாய் விற்பவர், தீனிக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் ஊசி போடக் கூடாது. மூலிகை பிடிக்கும் என்றால் மூலிகையும் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடுங்கள், இருக்கிறார்கள்.

தோல் சுரண்டலுக்குப் போகும்போது அதற்கு முன் சில நாள் ராணியைக் குளிப்பாட்ட வேண்டாம், எண்ணெயும் தடவ வேண்டாம். ஊசிச் சீட்டு, பழைய தட்டணு ரிப்போர்ட், ஸ்கேன், சொட்டு மருந்து வாங்கியிருந்தால் அந்த பாட்டில், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பப்பாளிச் சாறு கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அரிப்புக்கு மறுபடியும் ஊசியை எடுத்தால், "முதலில் தோலைப் பாருங்கள் சார்" என்று சொல்லுங்கள். கருப்பையில் பின்னால் சீழ் கட்டாமல் இருக்க அதை எடுத்துவிடும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது, தட்டணு 2 லட்சத்தைத் தாண்டி, ஸ்டீராய்டும் வெளியேறிய பிறகு.